மானும் பிணையும்: சீறாப்புராணத்தை இளையோருக்குச் சொல்லுதல்

சிறுவர்க்கென எழுதுவதில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. 'குழந்தைக் கவிஞர்' அழ. வள்ளியப்பா 1922ஆம் ஆண்டு பிறந்த இராயவரம் இம்மாவட்டத்து ஊர். நல்ல நூல்களை மலிவு விலையில் தமிழருக்கு வழங்கிய சக்தி வை. கோவிந்தனும் அவ்வூரினரே. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்ததை ஒட்டிய ஆண்டுகளில் இந்நகரத்து அச்சகங்களிலிருந்து சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன.

இதே மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், மீமிசல், கோபாலப்பட்டினம், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் என முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்கள் கடலை நோக்கி நிற்கின்றன. இக்கரை வழியே தெற்கே சென்றால் கீழக்கரை. வடக்கே சென்றால் பரங்கிப்பேட்டை. சீறாப்புராணத்தைப் பாடுமாறு உமறுப் புலவரை ஊக்கிய வள்ளல் சீதக்காதி கீழக்கரையினர். அவர் மறைந்தபின் புலவரைத் தாங்கி நின்ற அபுல்காசிம் மரைக்காயர் பரங்கிப்பேட்டையினர் என்பது மரபு. ஆக, சிறுவர் பாடலுக்குப் பேர்போன ஒரு மாவட்டம், இஸ்லாமியத் தமிழின் தலையாய காப்பியம் வளர்ந்த கடற்கரையின் நடுவிலேயே அமைந்திருக்கிறது. வள்ளியப்பாவின் 'ஈசாப் கதைப் பாடல்கள்' வழியே கிரேக்கத்து நரியும் காக்கையும் நம் சிறுவர் நாவில் ஏறின. ஆனால் சீறாவின் மானும் புலியும் உடும்பும் அவ்வாறு ஏறவில்லை. இதற்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வரலாறாகச் சுருங்கிய காப்பியம்

சீறாவை எளிமைப்படுத்தும் முயற்சி புதியதன்று. 1842இல் சேகனாப் புலவர் ஏடுகளை ஒப்புநோக்கி அதனை முதன்முதலாக அச்சேற்றினார். பின்னர், காயல்பட்டினத்துக் கண்ணகுமது மகுதூம் முகம்மதுப் புலவர் 'சீறா வசன காவியம்' என அதனை உரைநடையில் தந்தார். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் உரை கண்டார். 1973இல் திருச்சியில் கூடிய முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டுக்குப் பிறகு ஆராய்ச்சி நூல்களும் சுருக்கங்களும் பெருகின. பள்ளிப் பாடநூல்களிலும் சில பாடல்கள் இடம்பெற்றதுண்டு.

ஆயினும் இளையோருக்கென்று வரும் சுருக்கங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 விருத்தங்கள் ஆகிய அனைத்தையும் நூறு பக்கத்துக்குள் அடக்க முயல்கின்றன. படலத்துக்கு ஒரு பத்தி என்ற கணக்கில் எல்லாம் ஒரே அளவாகத் தேய்கின்றன. நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பு, வளர்ப்பு, வணிகப் பயணம், திருமணம், நபிப்பட்டம், ஹிஜ்ரத், போர்கள் எனச் செய்திகள் வரிசையாக வருகின்றன. படித்து முடிக்கும் சிறுவன் பெருமானாரின் வரலாற்றில் ஒரு பகுதியை அறிந்துகொள்கிறான், உமறுவை அறிந்துகொள்வதில்லை.

இங்கேதான் சுருக்கியவர் பிழை செய்கிறார். வரலாறு வேண்டுமெனில் அதற்குச் சீறா தகுந்த வாயிலன்று. இப்னு ஹிஷாம் முதலான மூல ஆசிரியர்களைத் தழுவிய ஸீரா நூல்கள் இன்று தமிழில் எளிதில் கிடைக்கின்றன. மேலும், சீறாப்புராணம் நபிகளாரின் முழு வாழ்வையும் கூறவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாட வேண்டியிருந்தது. வாழ்க்கை வரலாறு என்ற அளவுகோலைக் கொண்டு பார்த்தால் சீறா குறைபட்ட நூலாகவே சிறுவன் கண்ணுக்குத் தோன்றும். அந்த அளவுகோலை அவன் கையில் தருபவர் நாமே. சீறாவன்றி வேறெந்த நூலும் அவனுக்குத் தர இயலாதது எது என்று கேட்ட பின்னரே சுருக்கத்தைத் தொடங்க வேண்டும்.

பிணை என்னும் ஒரு சொல்

நுபுவ்வத்துக் காண்டத்தில் வரும் 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தை எடுத்துக்கொள்வோம். கதை சிறியது. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டியிருக்கிறான். அவ்வழியே வரும் நபிகளாரிடம் அம்மான் முறையிடுகிறது. தன் கன்று பாலின்றித் தவிக்கும். அதற்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. அதன் சொல்லை ஏற்று நபிகளார் (ஸல்) பிணை நிற்கிறார்கள். காட்டுக்குச் சென்ற விலங்கு மீண்டு வருமா என்று வேடன் நகைக்கிறான். மான் சென்று தன் இனத்தைக் காண்கிறது. சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்பி வருகிறது. கண்ட வேடன் மனம் மாறி இஸ்லாத்தைத் தழுவுகிறான்.

இளையோர் சுருக்கத்தில் இது ஏழெட்டு வரிகளாகிவிடும். 'பிணை' என்ற சொல் கடினமெனக் கருதி 'ஜாமீன்' என்று எழுதுவோரும் உளர். பொருள் விளங்கிவிடுகிறது, ஆயின் படலத்தின் உயிர்நிலை அங்கே போய்விடுகிறது. தமிழில் ஆண்மானுக்குக் கலை என்றும் பெண்மானுக்குப் பிணை என்றும் பெயர். உறுதியாக நிற்றலும் பிணை, பெண்மானும் பிணை. பிணைக்குப் பிணை நின்ற கதை இது. இச்சொல்லைக் கேட்டவுடன் பழந்தமிழ் அறிந்த செவிக்குப் பாலைநிலத்துச் சிறு சுனையின் நீரைத் தன் பிணை பருகட்டும் என்று விட்டுக்கொடுக்கும் ஐந்திணை ஐம்பதின் கலைமானும் நினைவுக்கு வரும். பிரிவும் அன்பும் தமிழ்க் கவிதையில் மானின் வழியே பன்னூறு ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்தவை. அரபு நிலத்திலிருந்து வந்த ஒரு செவிவழிச் செய்தியை உமறு இம்மரபின் நடுவே கொண்டுவந்து அமர்த்துகிறார்.

இதனைப் பத்து வயதுச் சிறுமிக்குச் சொல்ல இயலாதா? இயலும். 'பெண்மானுக்குத் தமிழில் பிணை என்று பெயர். ஒருவருக்காக உறுதி சொல்லி நிற்பதற்கும் பிணை என்றே பெயர்' என்னும் இரண்டு வாக்கியம் போதும். சொல்விளையாட்டில் பெரியவர்களைக் காட்டிலும் பிள்ளைகளுக்கு விருப்பம் மிகுதி. எளிமை என்ற பெயரில் நாம் அகற்றுபவை பல, அவர்கள் விரும்பி ஏற்கக் கூடியவை.

'இது ஸஹீஹா?'

இனி, இப்பகுதியில் எழும் வலுவான தடையைப் பார்க்க வேண்டும். சீறாவைப் பிள்ளைகளுக்குத் தர நினைக்கும் பெற்றோரிடம் இன்று முதலில் பிறக்கும் கேள்வி, 'இது ஸஹீஹான செய்தியா?' என்பதே. இதனை இலக்கியம் அறியாதவர் கேள்வி என்று தள்ளிவிடுதல் முறையன்று. நபிகளாரின் பெயரால் வேண்டுமென்றே பொய்யுரைப்பதைப் பற்றிய எச்சரிக்கை பற்பல தொடர்களில் அறிவிக்கப்பட்டுள்ளது. பிள்ளையின் நெஞ்சில் முதலில் பதிவது கதையே ஆதலால், அங்கே கூடுதல் கவனம் கடமையாகிறது.

மான் பேசிய செய்தி பைஹகீ, அபூ நுஐம் ஆகியோரின் 'தலாயிலுன் நுபுவ்வா' நூல்களில் காணப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர்கள் பலவீனமானவை என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் கூறியுள்ளனர். ஷாம் நாட்டு வணிகப் பயணத்தில் பேசிய புலிக்கு இந்த அளவு ஆதாரமும் இல்லை. 'மதியை அழைப்பித்த படலம்' வேறு வகை. நிலவு பிளந்தமைக்குக் குர்ஆனிலும் புகாரியிலும் சான்றுண்டு. அபீபு அரசனைச் சூழ்ந்து விரியும் காட்சிகள் பிற்காலக் கதைமரபின் வளர்ச்சி. ஹிஜ்ரத்தின்போது சுராக்கா குதிரையேறித் துரத்தியதும், குதிரையின் கால்கள் நிலத்தில் புதைந்ததும் புகாரியில் உள்ள செய்தி. தாயிஃபில் திராட்சைக் குலையோடு வந்த அடிமை இளைஞர் அத்தாஸ், நபிகளார் உண்ணுமுன் மொழிந்த இறைநாமம் கேட்டு வியந்த நிகழ்ச்சி இப்னு ஹிஷாமின் ஸீராவில் உள்ளது. ஆக, சான்றுடையது, கரு மட்டும் சான்றுடையது, கதைமரபாய் வந்தது என மூவகைச் செய்திகள் ஒரே காப்பியத்துள் பின்னிக் கிடக்கின்றன.

இந்நிலையில் சுருக்குவோர் இரு வழிகளில் ஒன்றையே மேற்கொள்கின்றனர். ஒரு சாரார் எல்லாவற்றையும் ஒரே குரலில், நடந்தவை நடந்தபடி என்பது போல் சொல்லிச் செல்கின்றனர். மற்றொரு சாரார் ஐயத்துக்குரிய யாவற்றையும் நீக்கிவிடுகின்றனர். முன்னவர் நூலைப் படித்த சிறுவன் பதினெட்டு வயதில் ஹதீஸ் கலையை அறியும்போது தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவான். சீறாவோடு சேர்த்து அதைத் தந்தவர்களையும் ஒதுக்குவான். பின்னவர் நூலில் மான் இல்லை, புலி இல்லை, உடும்பு இல்லை, உமறுவும் இல்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்கு முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. இராஜாஜி கல்கி இதழில் எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' இராமாயணத்தை எளிய தமிழில் சொல்லும் நூல். கதையை நடத்திச் செல்லும்போதே, இவ்விடத்தில் வால்மீகி இவ்வாறு கூறுகிறார், கம்பர் வேறு வகையாகப் பாடுகிறார் என்று அவர் இடையிடையே வாசகரிடம் சொல்லிச் செல்கிறார். அதனால் கதையின் சுவை குன்றவில்லை. மூலம் வேறு, கவிஞர் செய்தது வேறு என்னும் இலக்கிய அறிவு வாசகருக்குத் தானாகவே வாய்க்கிறது. அந்நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

நமக்கு இது இன்னும் இயல்பான வழியாகும். 'யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னார்?' என்று கேட்டுக்கேட்டு ஒரு பெருங்கலையை எழுப்பிய சமுதாயம் நம்முடையது. இஸ்னாத் என்பது அடிப்படையில் ஒரு பிள்ளையின் கேள்வியே. மான் கதையைச் சொல்லும் நூல், 'உமறுப் புலவர் பாடுகிறார்' என்று தொடங்கட்டும். முடிந்ததும், 'இச்செய்தி உறுதியான தொடரில் வரவில்லை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் உறுதியாக அறியப்பட்ட வேறொன்று கேளுங்கள்' என்று அபூ தாவூதில் உள்ள குருவியின் செய்தியைச் சொல்லட்டும். பயணமொன்றில் தோழர்கள் சிலர் குருவிக்குஞ்சு இரண்டை எடுத்துவிட, தாய்க்குருவி சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகளார் (ஸல்), இதன் குஞ்சுகளை எடுத்து இதனை வருத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். தோட்டமொன்றில் பட்டினியும் கடும் உழைப்பும் தாங்காத ஒட்டகத்துக்காக அதன் உரிமையாளரைக் கண்டித்த செய்தியும் அபூ தாவூதிலேயே உண்டு.

இவற்றை அருகருகே வைக்கும்போது ஒன்று புலனாகிறது. தாயையும் குஞ்சையும் பிரிக்காத கருணை நபிவழியில் உறுதியாக உள்ளது. கவிஞர் அக்கருணைக்கே ஒரு மானின் வடிவம் தந்து பாடியிருக்கிறார். செய்தியின் தொடர் பலவீனமாயினும் அது சுட்டும் பண்பு பலவீனமானதன்று. இவ்வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் உணர்ந்த பிள்ளை கவிதையையும் இழப்பதில்லை. ஹதீஸ் கலையின் மேன்மையையும் மறப்பதில்லை. அல்லாஹ் நன்கறிந்தவன்.

நிலமும் பெயரும்

சுருக்கங்களில் முதலில் வெட்டுப்படுவது நாட்டுப் படலம். மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, வயலில் நெல் விளையும் அரபு நாட்டை உமறு பாடுவது இக்காலத்தவர்க்கு நகைப்பாகத் தோன்றுகிறது. பாலைநிலத்தில் நெல் ஏது என்ற கேள்வி எழுகிறது. ஆனால் வேறு வகையில் எண்ணிப் பாருங்கள். தாம் கண்டிராத, ஆனால் எல்லா ஊர்களினும் மேலாக நேசித்த ஓர் ஊரைத் தமிழ்ப் புலவர் ஒருவர் எவ்வாறு போற்றுவார்? தமக்குத் தெரிந்த வளம் அனைத்தையும் அதன்மேல் சொரிவார். வானம் பார்த்த புன்செய்யும் வற்றிய கண்மாயும் கொண்ட புதுக்கோட்டைச் சீமைப் பிள்ளைக்கு, மழையை வாழ்த்தாக எண்ணும் இம்மனம் பிறர் சொல்லாமலே விளங்கும். நாட்டுப் படலத்திலிருந்து இரண்டு பக்க அளவில் ஒரு காட்சியைத் தந்து, 'புலவர் மக்காவைப் பார்த்ததில்லை. தம் நாட்டை அன்பளிப்பாக அனுப்பினார்' என்று சொன்னால் போதும்.

பெயர்களின் சிக்கல் இதனினும் நுட்பமானது. சீறாவில் கதீசா, மக்கம், மதீனம், சாமு என வரும் பெயர்கள், மக்தபில் அரபு எழுத்துகளைச் சரியாக உச்சரிக்கக் கற்கும் இன்றைய பிள்ளைக்குப் பிழை போல் தோன்றுகின்றன. சுருக்குவோர் அவற்றைக் கதீஜா, மக்கா, ஷாம் எனத் திருத்திவிடுகின்றனர். உரைநடையில் இதுவே சரி. பிள்ளைக்குப் பழகிய பெயர் பழகியபடி இருக்கட்டும். ஆனால் எடுத்துக்காட்டாகத் தரும் விருத்தங்களில் கை வைக்கலாகாது. வடசொல்லைத் தமிழெழுத்தால் எழுதத் தொல்காப்பியர் வகுத்த நெறியை அரபுச் சொல்லுக்கும் பொருத்தி, யாப்புக்குள் தீனையும் ஈமானையும் நபியையும் குடியேற்றியவர்கள் நம் முன்னோர். 'கதீசா' என்னும் வடிவம் அறியாமையின் விளைவன்று, குடியேற்றத்தின் அடையாளம். ஒரு பக்கத்தில் இரு வடிவங்களையும் ஒருசேரக் காட்டும் சிறு பட்டியல் இக்குழப்பத்தைத் தீர்க்கும்.

ஓவியம் இல்லாத நூல்

1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை, இதிகாசங்களை இந்தியப் பிள்ளைகளின் கண்ணில் படமாகப் பதித்தது. நபிமார்களின் உருவத்தை வரைவதில்லை என்பது நம் உறுதியான நிலை. எனவே அவ்வழி நமக்கில்லை. இதனைக் குறையாகக் கருதுவோர் உண்டு. முஸ்தபா அக்காத் 1976இல் எடுத்த 'அர்ரிஸாலா' திரைப்படத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ வருவதில்லை. எதிரே நிற்பவரின் முகமே அங்கே காட்சியாகிறது. சீறாவைச் சொல்வோர்க்கும் இம்முறை உதவும். மான் கதையை மானின் பக்கத்தில் நின்று சொல்லலாம். வேடனின் நகைப்பையும் பின்னர் அவன் கண்ணில் நிறையும் நீரையும் சொல்லலாம். பக்கத்தில் மலை, மரம், மான், கன்று ஆகியவற்றை வரையலாம். வரையப்படாத இடத்தைச் சொல்லே நிரப்ப வேண்டியிருப்பதால், நம் சிறுவர் நூலில் மொழி தளரவே கூடாது.

மொழிநடைக்கு நம் அரபுக் கல்லூரிகள் நன்கறிந்த நூலொன்று வழிகாட்டுகிறது. மௌலானா அபுல் ஹசன் அலீ நத்வீ தம் தமையனாரின் மகனுக்காக எழுதிய 'கஸஸுன் நபிய்யீன்' அது. சிறு வாக்கியங்கள், ஒரே சொல் மீண்டும் மீண்டும் வந்து மனத்தில் நிலைக்கும் அமைப்பு, ஆயினும் நடை தரம் தாழ்வதில்லை. பிள்ளைகளின் கைக்கு எட்டுபவை விலங்குக் கதைகளாகவே உள்ளன என்று அதன் முன்னுரையில் மௌலானா வருந்துகிறார். விலங்கையும் நபியையும் ஒரே காட்சியில் நிறுத்தும் சீறாவைத் தமிழ்ப் பிள்ளைக்கு வைத்துக்கொண்டு நாம் வறியவர் போல் இருக்கிறோம்.

செய்யத் தக்கது

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் கிடைக்கின்றன. முழுச் சீறாவையும் சுருக்கும் ஆசையை முதலில் விட வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு மான் கதை மட்டுமே ஒரு நூலாகலாம். அடுத்த பருவத்தினருக்கு அத்தாசுடன் பேசிய படலமும் சுறாக்கத்துத் தொடர்ந்த படலமும் மதீனம் புக்க படலமும் போதும். பதினைந்தைக் கடந்தோருக்குத் தேர்ந்த விருத்தங்களைப் பதம் பிரித்து, சொற்பொருளுடன் மூலத்தையே தரலாம். ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு பாடலேனும் உமறுவின் சொல்லிலேயே இருக்க வேண்டும். பொருள் முழுதும் விளங்காவிடினும் ஓசை நாவில் தங்கும். வள்ளியப்பா தம் வாழ்நாள் முழுதும் நமக்குக் காட்டியது இதுவே: பிள்ளை முதலில் பாட்டை வாயால் உண்கிறது, பொருள் பின்னர் வந்து சேர்கிறது.

இதில் நாம் இழக்கக்கூடியது ஒரு நூல் மட்டுமன்று. இன்றைய பிள்ளை பள்ளியில் ஆங்கிலம் கற்கிறது. மக்தபில் அரபெழுத்து கற்கிறது. தமிழ்ப் பாடநூலில் கம்பரையும் இளங்கோவையும் சந்திக்கிறது. இம்மூன்றுக்கும் இடையில் தன் மார்க்கமும் தன் தாய்மொழியும் ஒன்றையொன்று அறியாதவை என்ற எண்ணம் அதன் மனத்தில் மெல்ல வேர்விடக்கூடும். கம்பரைப் பயின்ற செவியோடு நபிகளாரைப் பாடிய ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார் என்பதை எந்த மேடைப் பேச்சும் அப்பிள்ளைக்கு உணர்த்தாது. கட்டப்பட்ட ஒரு மான், கன்றை நினைத்துத் தமிழில் பேசினால் உணர்த்தும். அந்த மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தது. அதற்குப் பிணை நின்ற காப்பியத்தை அடுத்த தலைமுறையிடம் சேர்க்கும் பொறுப்பில் நாமும் சொல் தவறாமல் இருக்க வேண்டும்.